துவர்க்குதுன்னு சொன்னாப் போதும்

எனக்கு ஒயின் பிடிக்காது என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். முதன்முதலில் ஒரு விருந்தில் குடித்த ரெட் ஒயின் வாயை இழுத்துப் பிடித்தது, நாக்கு வறண்டு போனது. பக்கத்தில் இருந்தவரோ கண்ணை மூடிக்கொண்டு கறுப்பு பெர்ரி, சுருட்டுப் பெட்டி, ஈரத்தோல் என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்கு அதில் ஒன்றுகூடப் பிடிபடவில்லை. இது நமக்கான சங்கதி இல்லை என்று ஒதுங்கிவிட்டேன்.

அன்று என் வாயில் நடந்ததற்குத் தமிழில் நல்ல பெயர் இருக்கிறது: துவர்ப்பு. அது எனக்கு உறைக்கவே நாளானது. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின், எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். எச்சிலின் வழவழப்பு போய்விடுவதால் வாய் உலர்ந்ததுபோல் ஆகும். பால் விடாத கடுந்தேநீரிலும் இதேதான். ரெட் ஒயினுக்குத் திராட்சையைத் தோலோடு நொதிக்க விடுவார்கள், நிறமும் டானினும் சாற்றில் இறங்கும். ஒயிட் ஒயினுக்கு பெரும்பாலும் சாற்றை மட்டும் பிழிந்தெடுத்து நொதிக்க வைப்பார்கள். கறுப்புத் திராட்சைக்குள்ளும் சாறு அநேகமாக வெளிர்நிறம்தான். பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சையிலிருந்து வெளிர்நிற ஷாம்பெய்ன் வருவது அதனால்தான். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பை எண்ணும் மொழி நம்முடையது. ரெட் ஒயினைப் பற்றிப் பேச முதலில் வேண்டிய சொல்லே நம் கையில் இருக்கும்போது, சுருட்டுப் பெட்டியைத் தேடி ஏன் அலைய வேண்டும்?

அந்த முதல் கோப்பையில் இன்னொரு கோளாறும் இருந்தது, சூடு. ரெட் ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்பார்கள். அது பழைய ஐரோப்பிய வீடுகளின் குளிர்ந்த அறைகளை வைத்துச் சொன்ன பேச்சு. 16 முதல் 18 டிகிரி இருந்தால் நன்றாக இருக்கும். 28 டிகிரியில் குடித்தால் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். இப்போதெல்லாம் ரெட் ஒயினையும் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் திறக்கிறேன். ஒயிட் ஒயினுக்கு நேர்மாறு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடித்தால் மணமே எழாது, சற்று நேரம் வெளியே இருக்கட்டும்.

ஒயின் ருசி என்பதே ஏமாற்று என்று வாதாடுபவர்கள், 2001-ல் வெளியான, பிரான்சின் போர்தோ நகரில் நடந்த ஆய்வைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு, ஒயிட் ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதை ரெட் ஒயினுக்குரிய வார்த்தைகளால் வர்ணித்தார்கள். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? கண் முந்திக்கொண்டால் மூக்கு அதன் பின்னால் போகிறது, அவ்வளவுதான். அதைப் படித்த பிறகு நான் பாட்டிலைத் துணியால் சுற்றி, லேபிளை மறைத்து ஊற்றச் சொல்லிக் குடித்துப் பார்க்க ஆரம்பித்தேன். பெயரை வைத்து உயர்வாக நினைத்திருந்த சில ஒயின்கள் எனக்குப் பிடிக்கவே இல்லை. அலட்சியமாக ஒதுக்கியது ஒன்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

இதய ஆரோக்கியத்துக்கு நல்லது என்று சொல்லி யாரையும் நான் அழைக்க மாட்டேன். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. குடிக்காதவர்கள் குடிக்காமலே இருங்கள். நான் ஒரு கோப்பையை ஒரு மணி நேரம் வைத்துக்கொள்வேன். முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் இடையில் அது மாறிக்கொண்டே வருவதுதான் எனக்கு வேண்டியது.

ஷிராஸ் என்ற கறுப்புத் திராட்சையின் ரெட் ஒயினில் மிளகு வாசனை வரும் என்பார்கள். கற்பனை இல்லை, நிஜம். ரோட்டன்டோன் என்ற பொருள்தான் காரணம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-ல் கண்டறிந்தார்கள். மிளகுக்கு மணம் தருவதும் அதே பொருள்தான். அந்த ஆய்வில் முகர்ந்து பார்த்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, அளவைக் கூட்டிக் கொடுத்தும் அது தெரியவே இல்லை.

என் நண்பன் அந்த வகைதான் என்று நினைக்கிறேன். மிளகு வரவில்லை என்று அவன் சொல்லும்போதெல்லாம், நன்றாக முகர்ந்து பார் என்று முன்பு அவனோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அந்த விருந்தில் எனக்கு நடந்ததையே நான் அவனுக்குச் செய்திருக்கிறேன். நேற்று கோப்பையைக் கொடுத்துவிட்டு, “உனக்கு என்னடா வருது?” என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் மூக்கை வைத்திருந்துவிட்டு, “புதுப் பாடப்புத்தகம் பிரிச்ச மாதிரி இருக்குடா” என்றான். என் குறிப்பேட்டில் மிளகுக்குப் பக்கத்திலேயே அதையும் எழுதிக்கொண்டேன்.