காடை, கினிக்கோழி, வான்கோழி வாங்குவோருக்கு: வயதைக் கேளுங்கள், தோலை உரிக்க விடாதீர்கள்

"கவுதாரி எங்கே கிடைக்கும்?" தீபாவளி, கிறிஸ்துமஸ் நெருங்கினால் போதும், சமையல் குழுக்களில் இந்தக் கேள்வி வந்துவிடும். பதில் ஒன்றுதான். சட்டப்படி எங்கும் கிடைக்காது. கவுதாரி, காட்டுக் காடை, மடையான், பச்சைப்புறா எல்லாம் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பிடிப்பவர், விற்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் குற்றவாளிதான். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். மயிலுக்குத் தண்டனை இன்னும் கடுமை.

சட்டத்தை விடுங்கள். கவுதாரியை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று தெரிந்தாலே சாப்பிட மனம் வராது. பழக்கிய கவுதாரி ஒன்றைக் கூண்டில் வைத்துக் கத்த விடுவார்கள். தன் எல்லையைக் காக்க வரும் சேவல் சுற்றிலும் கட்டிய கண்ணியில் மாட்டும். அதாவது, ஒவ்வொரு முறையும் போவது இனப்பெருக்கம் செய்யும் வயதிலிருக்கும் பறவை. வயலில் என்ன மருந்து தெளித்த விதையைத் தின்றது என்பதும் யாருக்கும் தெரியாது. உரித்த பறவையைக் காட்டி "பண்ணைக் காடைதான்" என்று யாராவது சொன்னால் காலைப் பாருங்கள். செம்மை படர்ந்த காலும் அதில் கூரான குதிமுள்ளும் இருந்தால் அது கவுதாரிச் சேவல். பண்ணைக் காடைக்குக் குதிமுள் கிடையாது. அந்தக் கடையை வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்வது நம் கடமை.

காட்டுப் பறவைக்கு இருப்பதாகச் சொல்லும் ருசியில் பெரும்பகுதியைப் பண்ணைப் பறவையிலேயே கொண்டுவரலாம் என்பது என் உறுதியான கருத்து. நாம் வாங்கும் விதமும் வேகவைக்கும் விதமும்தான் அதைக் கெடுக்கின்றன.

முதலில் காடை. நம் கடைகளில் கிடைப்பது ஜப்பானியக் காடை. 1974-ல் கலிஃபோர்னியாவிலிருந்து உத்தரப்பிரதேசத்தின் இசத்நகருக்கு வந்து, அங்கிருந்து நாடெங்கும் பரவியது. நந்தனம் காடை, நாமக்கல் காடை என்று நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே தனி இரகங்களை உருவாக்கியிருக்கிறது. கறிக்கு ஏற்ற வயது 5 முதல் 6 வாரம். அப்போது உயிர் எடை 200 முதல் 250 கிராம் இருக்கும், சுத்தம் செய்தால் 140 முதல் 170 கிராம் தேறும். எலும்பு போக மிஞ்சுவது கொஞ்சம்தான் என்பதால், காடையே முக்கிய உணவென்றால் ஆளுக்கு இரண்டு என்று கணக்குப் போடுங்கள். உருப்படிக் கணக்கில் விற்கும் கடையில் பெட்டையைக் கேளுங்கள், எடை கூடுதலாக நிற்கும். அடையாளம் எளிது: பெட்டைக்கு மார்பில் கரும்புள்ளிகள், சேவலுக்குச் செம்பழுப்பு மார்பு.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முட்டைக்கு வளர்த்து, முட்டை குறைந்ததும் கழித்த காடைகளும் இதே கடைக்குத்தான் வருகின்றன. பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும், வறுத்தால் நார் நாராக நிற்கும். மார்பெலும்பின் பின்நுனியை விரலால் அழுத்திப் பாருங்கள். குருத்தாக வளைந்தால் இளசு, வளையாமல் குத்தினால் முற்றல். வயிற்றுக்குள் மஞ்சள் கொழுப்பு கட்டியாக இருந்தாலும் பெரும்பாலும் முட்டையிட்ட பெட்டையே. குழம்புக்கு அது போதும், வறுவலுக்கு வேண்டாம்.

அடுத்தது தோல். கடைக்காரர் இறகோடு சேர்த்துத் தோலை ஒரே இழுப்பில் உரித்துவிடுவார். அவருக்கு வேலை மிச்சம், நமக்கு நஷ்டம். காடையின் மார்பில் கொழுப்பு மிகக் குறைவு. அங்கே இருக்கும் கொழுப்பில் பெரும்பகுதி தோலுக்கடியில்தான். தோலை உரித்த காடையைச் சூடான எண்ணெயில் போட்டால் ஐந்தாவது நிமிடத்தில் சக்கை. "முடி பிடுங்கி, மஞ்சள் தடவி, வாட்டிக் கொடுங்க" என்று முந்தைய நாளே சொல்லிவையுங்கள், கூலி கூடுதலாகக் கேட்டால் கொடுங்கள். வீட்டில் செய்வதானால் தண்ணீர் கொதிக்கக் கூடாது. 60 டிகிரிக்குக் கீழே, 20 முதல் 30 விநாடி முக்கி எடுத்தால் போதும். கொதிநீரில் போட்டால் தோல் வெந்து, இறகோடு கிழிந்து வந்துவிடும்.

வெட்டிய நேரமும் முக்கியம். அறுத்த சிறிது நேரத்தில் எந்தப் பறவையின் தசையும் விறைக்கும். காலை எட்டு மணிக்கு வெட்டி, பத்து மணிக்கு அடுப்பில் ஏற்றினால் சரியாக அந்த விறைப்பில்தான் வேகவைக்கிறோம். "ஃப்ரெஷ்ஷா வாங்கினேன், ஆனா ரப்பர் மாதிரி இருந்துச்சு" என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். காடை, கினிக்கோழியை மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் 6 முதல் 12 மணி நேரம் வையுங்கள், வான்கோழியை ஒரு நாள். உறைபெட்டியில் அல்ல.

இந்த மூன்றில் நம் ஊர் மதிக்காமல் விட்டிருப்பது கினிக்கோழி என்பேன். 12 முதல் 16 வார வயதில் ஒன்றே கால், ஒன்றரைக் கிலோ இருக்கும். கறி கருஞ்சிவப்பு, மணம் நாட்டுக்கோழியைத் தாண்டி வேட்டைப் பறவையை நெருங்கும். மேலைநாட்டுச் சமையல் குறிப்புகளில் ஃபெசன்ட் என்ற வேட்டைப் பறவை வந்தால் தயங்காமல் இதைப் போடுங்கள். கறிக்கடையில் தேடினால் கிடைப்பது அபூர்வம். திண்டுக்கல் பக்கம் வியாழக்கிழமை கூடும் அய்யலூர் போன்ற ஆடு, கோழிச் சந்தைகளில் விசாரிக்கலாம். அதைவிட நல்ல வழி, உங்கள் மாவட்டத்துக் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்பது. யார் வளர்க்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பண்ணையில் நேரடியாக வாங்கினால் குஞ்சு பொரித்த தேதியையே கேட்டுவிடலாம். சந்தையில் அந்த வசதி இல்லை.

வான்கோழியைப் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். உயிரோடு 6 கிலோ என்றால் கறி நாலரைக் கிலோ தேறும், பன்னிரண்டு பேருக்குத் தாராளம். நீண்ட குதிமுள்ளும் மார்பில் தொங்கும் தாடியும் வயதைக் காட்டிக்கொடுக்கும். கீழ்க்காலில் நரம்புபோல் இருக்கும் தசைநாண்கள் வயது ஏற ஏற எலும்பாகவே இறுகிவிடும். பாதத்தை வெட்டும்போதே அவற்றை இழுத்து எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் குழம்பில் ஈர்க்குச்சி போலப் பல்லில் மாட்டும். மார்பையும் காலையும் ஒரே குக்கரில் போடாதீர்கள். கால் வேகும் நேரத்தில் மார்பு உலர்ந்துவிடும். காலைக் குழம்புக்கும் மார்பைச் சுக்கா வறுவலுக்கும் பிரித்துக்கொள்ளுங்கள்.

காடை வறுவலுக்கு நான்கு காடையை முதுகெலும்பு ஓரமாகக் கத்தரித்து விரித்து, ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், இரண்டு தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி சோம்புத்தூள், அரை மூடி எலுமிச்சைச் சாறு தடவி, முக்கால் மணி நேரம் வைத்தால் போதும். இரவு முழுக்கத் தயிரில் ஊறவைப்பது ஆட்டுக்கறிப் பழக்கம். காடையின் மெல்லிய தசை அதில் மாவாகக் குழைந்துவிடும். மிதமான தீயில் தோல் பக்கம் கீழே இருக்க 5 நிமிடம், திருப்பிப் போட்டு 3 நிமிடம். தொடை மூட்டில் குத்தினால் தெளிந்த சாறு வர வேண்டும். பிரியாணியில் காடையை அரிசியோடு முதலிலேயே போடாதீர்கள். மூன்று நிமிடம் சிவக்க வறுத்துத் தனியே வைத்து, தம் போடும்போது சோற்றின் மேல் அடுக்குங்கள். அந்த 20 நிமிட ஆவியிலேயே வெந்துவிடும்.

உறையவைத்த பொட்டலம்தான் கிடைக்கிறது என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணையும் தயாரித்த தேதியையும் பாருங்கள். உள்ளே பனித்தூள் நிறைந்திருந்தால் இடையில் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கக்கூடும், எடுக்காதீர்கள். காடைக்கு ஓர் இரவும், 5 கிலோ வான்கோழிக்கு இரண்டு முழு நாளும் குளிர்பெட்டிக்குள்ளேயே உருகக் கொடுங்கள். அவசரப்பட்டு வெந்நீரில் போட்டால் மேல்பகுதி கெடத் தொடங்கும், நடுவில் பனிக்கட்டி அப்படியே இருக்கும்.