ரிசல்ட்டும் சீசனும் ஒரே மாசத்துல வந்தா நம்ம பசங்க எங்க போவாங்க

பத்தாவது ரிசல்ட் மே மாசம் வருது. ஊட்டி சீசனும் அதே மே மாசம்தான், மலர் கண்காட்சி, ரூமெல்லாம் ஃபுல்லு, கல்லட்டி வழியிலயும் குன்னூர் ரோட்டுலயும் வண்டி நகராது. நம்ம நீலகிரியில பசங்க ஏன் படிப்ப விடறாங்கன்னு கேக்கறவங்க முதல்ல இந்த ஒரு மாசத்தப் பாக்கணும்ங்க.

ரெண்டு பாடத்துல ஃபெயிலான பையன் வீட்ல திட்டு வாங்கிட்டு, சொந்தக்காரங்க மூஞ்சியில முழிக்கக் கூச்சப்பட்டுட்டு காட்டேஜ்ல ரூம் பாய் வேலைக்கோ பார்க்கிங்ல டோக்கன் கிழிக்கவோ போயிடறான், தினமும் கையில காசு வருது, ஒரு வாரத்துல வீட்லயும் திட்டறத நிறுத்திடறாங்க. அந்த நாட்கள்லதான் துணைத் தேர்வுக்கு அப்ளை பண்ற தேதியும் வந்துட்டுப் போகுது. ஃபெயிலான பாடத்த மட்டும் ஜூலை ஆரம்பத்துல எழுதினாப் போதும், மத்தத திரும்பத் தொட வேண்டாம், பாஸானா அதே வருஷம் பதினொண்ணாவது சேரலாம். தேதி தவறினாலும் தக்கல்ல கூடுதலா பணம் கட்டி எழுத வழி இருக்கு. இத அவன்கிட்ட உக்காந்து யாரும் சொல்றதில்ல. ஜூன்ல மழை பிடிச்சு கூட்டம் அடங்கி அவனுக்கு ஸ்கூல் ஞாபகம் வர்றப்ப எல்லாத் தேதியும் போயிருக்கும். அப்புறம் கேரட் லோடுதான்.

கேத்தி பாலாடா பக்கம் விடியறதுக்கு முன்னாடி பிக்கப்ல நின்னுட்டுப் போறவங்களப் பாருங்க, மீசை கூட சரியா முளைக்காத முகம் எத்தனை இருக்குன்னு. அந்தக் குளிர்ல கேரட்ட புடுங்கி, மிஷின்ல கழுவி, மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏத்தற வரைக்கும் அவங்கதான். இவங்களப் பாத்து "படிப்பு ஏறல, சோம்பேறிங்க"ன்னு சொல்றவங்க மேல எனக்கு நிஜமாவே கோவம் வருது. இந்த உழைப்பு உழைக்கறவனா சோம்பேறி?

சட்டம் என்ன சொல்லுதுன்னா, 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 வயசுலருந்து 14 வயசு வரைக்கும்தான். அந்த வயசுக்குள்ள இருந்தா டிசி இல்லன்னு சொல்லி சேத்துக்காம இருக்க முடியாது, வயசுக்கேத்த வகுப்புல உக்கார வச்சு விட்டுப்போன பாடத்துக்குத் தனியா பயிற்சி குடுக்கணும். நல்ல சட்டம், நான் மதிக்கிறேன். ஸ்கூல விட்ட பிள்ளைங்களத் தேடி, கல்வித்துறையோட வட்டார வள மையத்து ஆளுங்க மழையிலயும் மலையேறி வீடு வீடா வர்றத நானே பாத்திருக்கேன். ஆனா 15, 16, 17 வயசுப் பிள்ளைங்களுக்கு அந்த உரிமை இல்ல. நம்ம ஊர்ல படிப்ப விடறதே பெரும்பாலும் இந்த வயசுலதான்!

அவங்களுக்கு வழியே இல்லையான்னா நிறைய இருக்குங்க. ஆறாவது ஏழாவதோட நின்னவங்க தனித்தேர்வரா, அதாவது ஸ்கூல்ல சேராமலே, நேரா எட்டாவது பரீட்சை எழுதலாம். எட்டாவது பாஸ்னா ஐடிஐல வயர்மேன், வெல்டர் மாதிரி டிரேடு கிடைக்கும், குன்னூர்லயே அரசு ஐடிஐ இருக்கு, மாசம் 750 ரூபா உதவித்தொகை, ஆம்பளைங்களுக்கு 40 வயசு வரைக்கும் சேரலாம், பொம்பளைங்களுக்கு வயசு வரம்பே இல்ல. வேலைய விட முடியாதவங்களுக்கு என்ஐஓஎஸ்னு மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளி. ஒரு தடவை பதிஞ்சா 5 வருஷம் செல்லும், எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சுல எழுதணும்னு இல்ல, இந்தத் தடவை ரெண்டு அடுத்த தடவை ரெண்டுன்னு முடிக்கலாம். லோடு ஏத்தற பையனுக்கு இதுதான் ஒத்துவரும்னு நான் நெனைக்கிறேன்.

பொண்ணுங்க கதை வேற. அம்மா தேயிலை பறிக்கக் காலையில போயிட்டா கைக்குழந்தையப் பாத்துக்க மூத்தவதான் நிக்கறா, ஒரு மாசம் நின்னா அப்புறம் அவ பேரே ஸ்கூல்ல மறந்துபோகுது, பதினேழு வயசுல மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிடறாங்க. கூடலூர், பந்தலூர் பக்கம் இன்னும் கஷ்டம். பணியர், காட்டுநாயக்கர்னு பழங்குடி வீட்டுப் பிள்ளைங்க வீட்ல பேசற மொழி ஒண்ணு, புஸ்தகத்துல இருக்கறது இன்னொண்ணு, சாயங்காலம் யானை நிக்கற வழியில நடந்து வரணும். இந்தப் பிள்ளை ஆறாவதுல நின்னா அதுக்கு ஆர்வம் இல்லன்னு எழுதி வைக்கறது அநியாயம்ங்க.

என் கருத்து இதுதான். இந்தப் பிள்ளைங்களுக்கு அட்வைஸ் வேண்டாம், படிப்போட அருமை அவங்களுக்குத் தெரியும், கூட வர ஒரு பெரிய ஆள் வேணும். தேர்வுத்துறை சேவை மையத்துக்குப் போய் பரீட்சைக்கு ஃபார்ம் போட, பழைய ஸ்கூல்ல மார்க்ஷீட் கேட்டு வாங்க. தனியாப் போனா "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா"ன்னு ஒரு வார்த்தை கேப்பாங்க, அதுக்கே திரும்பிடுவான். ஜூனியர் பசங்களோட உக்கார வெக்கமா இருக்குன்னு சொன்னா அதையும் மதிக்கணும், சாயங்காலம் சமுதாயக் கூடத்துல அவன் வயசுப் பசங்களோட உக்கார வைக்கலாம். எங்க ஹட்டியில, அதாவது எங்க கிராமத்துல, ரெண்டு காலேஜ் பிள்ளைங்க கணக்கு சொல்லிக்குடுக்கறாங்க, கேரட் முடிச்சுட்டு வந்து தூக்கத்தோட உக்காந்துதான் கத்துக்கறாங்க, ஆனா வர்றாங்க.

வர்ற மே மாசம் ரிசல்ட் அன்னிக்கே உங்க தெருவுல ஃபெயிலான பிள்ளை வீட்டுக்குப் போங்க, திட்டறதுக்கு முன்னாடி துணைத் தேர்வு தேதிய சொல்லுங்க. சந்தேகம் இருந்தா 14417க்கு அடிங்க, பள்ளிக் கல்வித்துறை ஹெல்ப்லைன். காட்டேஜ், ஹோட்டல், தோட்டம் வச்சிருக்கற அண்ணன்மாரே, ஜூலையில பரீட்சை நடக்கற அந்தக் கொஞ்ச நாளைக்கு சம்பளத்தோட லீவு குடுங்க. குடுக்கறேன்னு சொல்றவங்க எனக்கு மெசேஜ் போடுங்க, யாரு யாரு எழுதறாங்கன்னு லிஸ்ட் எடுத்துட்டு நானே நேர்ல வந்து பேசறேன்.