வட்டம் யாருக்காக?

"உங்களைச் சுற்றிக் கெட்ட ஆவி இருக்கிறதா? இந்த ஏழு அறிகுறிகளைப் பாருங்கள்" என்று ஒரு ரீல். பார்த்தேன். ஏழில் ஐந்து எனக்கு இருந்தது. தூக்கமின்மை, தலைவலி, காரணமில்லாத எரிச்சல்... லண்டனில் தினமும் ரயிலேறி வேலைக்குப் போகிற எவருக்கும் இருப்பதுதான். கடைசியில் லிங்க்: "விக்கா பாதுகாப்பு கிட்". கறுப்புக் கல், புகை போட வெள்ளை சேஜ் இலைக் கட்டு, குட்டி பாட்டில்.

விக்கா என்பது இயற்கையை வணங்குகிற, சூனியக் கலையைச் சடங்காகச் செய்கிற ஒரு புது மதம். என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தி இருபது வருடமாக அதில் இருக்கிறாள். அவளிடம் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், கடுப்பாகிவிட்டாள். பிசாசு என்றே ஒன்று இல்லாத மதத்தில் பிசாசு பயத்தைக் கொண்டுவந்து விற்கிறார்களே என்று. எனக்கும் இப்போது அதே கடுப்புதான்.

விக்காவை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்டு கார்ட்னர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து, பிறகு மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்து, 1936-இல் ஓய்வு பெற்ற இங்கிலாந்துக்காரர். இங்கிலாந்தில் பழைய சூனியச் சட்டம் ரத்தானது 1951-இல். அதன் பிறகு, 1954-இல் இவர் புத்தகம் போட்டார். சடங்குக்கு முன் தன்னைச் சுற்றி வட்டம் போடுவதைப் பற்றி அதில் பேசுகிறார். மந்திரவாதி வட்டம் போடுவது, தான் வரவழைத்த பேய் தன்னைத் தொடாமல் இருக்க. விக்காவில் வட்டம் போடுவது, உள்ளே எழுப்புகிற சக்தி சிதறிப் போகாமல் இருக்க. அவர் சொன்ன வித்தியாசம் இதுதான். அங்கே வேலி, இங்கே பாத்திரம். கிட் விற்பவர்கள் பாத்திரத்தை மறுபடி வேலியாக்கிவிட்டார்கள்.

அவள் வட்டம் போடுவதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். கிண்ணத்தில் தண்ணீர். கறுப்புப் பிடி போட்ட கத்தி, அதாமே என்பார்கள், அதன் நுனியில் உப்பை எடுத்துக் கலக்கி, அறையைச் சுற்றித் தெளித்தாள். (நம்ம ஊர் உப்பு மிளகாய் சுற்றிப் போடுவதுதானே என்று கமென்ட் போட வேண்டாம். இது கண்ணேறு கழிப்பது இல்லை, இடத்தைச் சுத்தம் செய்வது.) மரபுப்படி ஒன்பதடி வட்டம் வேண்டும். அவள் ஹாலில் சோபாவைச் சுவரோடு தள்ளினாலும் ஏழடி தேறாது. முடிந்ததும் வட்டத்தைக் கலைத்துவிட்டு, கேக்கும் ஒயினும் எடுத்து வைத்தாள். அவ்வளவுதான். யாரையும் விரட்டவில்லை.

வெள்ளை சேஜ் கதை தனி. அது கலிபோர்னியா பக்கத்துப் பழங்குடிகளின் புனிதச் செடி. அதற்கும் இங்கிலாந்தில் பிறந்த விக்காவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எனக்குப் பிடித்தது கிட்டில் இருந்த அந்த பாட்டில்தான். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், சூனியக்காரி தனக்கு ஏதோ செய்துவிட்டாள் என்று பயந்தவர்கள் ஒரு மண் ஜாடியில் தங்கள் சிறுநீர், முடி, நகம், வளைத்த ஊசிகள் எல்லாம் போட்டு மூடிப் புதைத்துவிடுவார்கள். கிரீனிச்சில் 2004-இல் அப்படி ஒன்று மூடி திறக்காமலே கிடைத்தது. ஆணி குத்திய இதய வடிவத் தோல்துண்டுகூட உள்ளே இருந்தது. அதாவது, சூனியக்காரிக்கு எதிரான ஆயுதம். இன்று தங்களை 'விட்ச்' என்றே சொல்லிக்கொள்கிறவர்கள் அதே பாட்டிலைத் தங்கள் வீட்டுக் காவலுக்குச் செய்கிறார்கள்! இந்த முரணை அவளிடம் சொன்னபோது, "எங்களுக்கும் தெரியும், அதனால்தான் செய்கிறோம்" என்றாள்.

அவளும் ஒன்று செய்து வைத்திருக்கிறாள். பழைய ஜாம் பாட்டில், உப்பு, ரோஸ்மேரி, துருப்பிடித்த ஊசிகள். வாசற்படிக்குக் கீழே புதைக்க வேண்டுமாம். வாடகை வீடு, தோண்ட முடியாது. பால்கனியில் ரோஸ்மேரித் தொட்டிக்குள் புதைத்திருக்கிறாள். வீடு மாறும்போது தொட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்கிறாள்.