வெறுங்கையன் இருந்த இடத்தில் கொடைவள்ளல்

நான்கு நாட்களாக விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் ஊர் அம்மன் கோயில் கூம்பு ஒலிபெருக்கி என்னைத் திட்டி எழுப்புகிறது. திட்டு என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அது பக்திப் பாட்டு.

பாட்டு என்னுடையது. குத்தாலம் பக்கம், வீரசோழன் ஆற்றங்கரையில் இருக்கிறோம். குடமுழுக்குக்கு அம்மன் பேரில் ஐந்து விருத்தம் வேண்டும் என்று கேட்டார்கள். பதினோரு நாள் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். ஒரு பைசா கேட்கவில்லை. கடைசி விருத்தத்தின் கடைசி அடி இது:

வீரசோழன் கரையினிலே நிற்கும் தாயே
வெறுங்கையன் மாணிக்கம் சொன்ன பாட்டே

மாணிக்கம் நான்தான். முப்பது வருடம் தமிழ் வாத்தியாராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். வெறுங்கையன் என்பது பணிவுக்காகப் போட்டது. பென்ஷன் கணக்கைப் பார்த்தால் உண்மையும்கூட.

இப்போது ஒலிபெருக்கியில் வருவது வேறு. கும்பகோணத்தில் பாட்டைப் பதிவு செய்யப் பணம் போட்ட பெரியவர், வெறுங்கையனைத் தூக்கிவிட்டுக் 'கொடைவள்ளல்' என்று வைத்திருக்கிறார். மாணிக்கத்தைத் தூக்கிவிட்டுத் தன் பெயரை வைத்திருக்கிறார், இரண்டு இனிஷியலோடு! விருத்தத்தில் இனிஷியல் வைத்த பெருமை எங்கள் ஊரைத்தான் சேரும். பாடிய பிள்ளை பாவம், அந்த இடம் வந்ததும் இரண்டு எழுத்தையும் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு, 'சொன்ன பாட்டே'யில் தாளத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இன்னொன்று. யாப்புக் கணக்கில் வெறுங்கையன் என்பது புளிமாங்காய்ச் சீர். கொடைவள்ளல் என்பதும் புளிமாங்காய்! அது மட்டும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. வீ-க்கு வெ என்று முதலெழுத்து இசைய நான் கோத்த மோனை போனது போனதுதான். அதைப் பற்றி இந்த ஊரில் யாரிடம் போய் அழுவது?

குடமுழுக்குப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பந்தல் போட்டவர் பெயர் இருக்கிறது. ஒலி, ஒளி அமைத்தவர் பெயர் செல்போன் எண்ணோடு இருக்கிறது. சமையல், நாதஸ்வரம், தவில், வாண வேடிக்கை, ஜெனரேட்டர், அச்சடித்த அச்சகம் எல்லாம் இருக்கிறது. எல்லோரும் உழைத்தவர்கள், இருக்கட்டும். பாட்டு என்ற இடத்தில் மட்டும் 'கொடைவள்ளல் அவர்களின் பக்திப் பாமாலை' என்றிருக்கிறது. ஜெனரேட்டருக்குக் கிடைத்த மரியாதை வாத்தியாருக்குக் கிடைக்கவில்லை.

நேரில் போய்க் கேட்டேன். காபி கொடுத்தார். "வாத்தியாரய்யா, இதெல்லாம் ஒரு விஷயமா? சொக்கநாதரே தருமிக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தார். நீங்கள் எனக்குக் கொடுத்ததாக இருக்கட்டுமே" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஐயா, அந்தக் கதையை முழுதாகக் கேளுங்கள். அந்தப் பாட்டு குறுந்தொகையில் இரண்டாவது பாட்டாக இன்றைக்கும் இருக்கிறது. பாடியவர் என்று யார் பெயர் போட்டிருக்கிறது? இறையனார். தருமி இல்லை. பொற்கிழி வேண்டுமானால் தருமிக்கு, பெயர் எழுதியவருக்கு. பெயரே தெரியாத புலவனைக்கூட அந்தத் தொகையில் அநாதையாக விடவில்லை. அவன் பாட்டில் வந்த ஒரு சொல்லை எடுத்துச் செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் என்று பெயர் சூட்டி வைத்தார்கள். இங்கே பெயரும் தெரியும், வீடும் தெரியும், மூன்று தலைமுறையும் தெரியும். தெரிந்தேதான் அழிக்கிறார்கள்.

அதுவும் எந்த மண்ணில்? பக்கத்துச் சீர்காழிப் பிள்ளை ஞானசம்பந்தர், பதிகம் முடிகிற இடத்தில் தன் பெயரையும் தன் ஊரையும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். திருக்கடைக்காப்பு என்று அதற்குப் பெயரே இருக்கிறது. திருவையாற்றில் தியாகராஜர் பாட்டுக்குள் தன் பெயரையே முத்திரையாக வைத்தார். தீட்சிதர் குருகுஹ என்று வைத்தார். ஆனந்ததாண்டவபுரத்தில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியார் பாட்டிலும் அவர் பெயர் உட்கார்ந்திருக்கும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேருக்கும் தெருவும் வீடும் குறித்துப் பெயர் வெட்டி வைத்தான் ராஜராஜன். அவனைவிடவா இவர் பெரிய கொடைவள்ளல்?

நான் ஒன்றும் உத்தமன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்தில் கல்யாண மேடையில் வாசிக்கிற வாழ்த்து மடல்களில் பாதி நான் எழுதியவை. கீழே மாப்பிள்ளையின் நண்பர்கள் என்றிருக்கும். ஆண்டு விழாவில் தலைவர்கள் கை தட்டல் வாங்கிய பேச்சும் எழுதியிருக்கிறேன். துண்டும் தேங்காயும் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். அது பேசி வைத்துக் கொடுத்தது. விருத்தத்தின் மெட்டும் என்னுடையது அல்ல, என் அப்பா பாடிக் கேட்டது. அதையும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். சீர்காழி அருணாசலக் கவிராயர் ராம நாடகத்தின் வரிகளை எழுதினார், மெட்டுப் போட்டவர்கள் அவரிடம் படித்த வெங்கட்டராமய்யரும் கோதண்டராமய்யரும். இருநூறு வருடம் தாண்டியும் அந்த இருவர் பெயரும் மறையவில்லை. இதைச் சொன்னால் பெரியவரின் மகன், "இனிமேல் உங்களுக்குச் சிரமம் வேண்டாம் சார், செல்போனே பாட்டு எழுதுகிறது" என்கிறான். எழுதட்டும் தம்பி. அது வந்து மோனை எங்கே என்று கேட்காது, உங்களுக்கு வசதிதான்.

மயிலாடுதுறையில் வக்கீலாக இருக்கிற என் அக்காள் மகன் 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்துக் காட்டினான். 57 ஆவது பிரிவாம். உரிமையை விற்றே விட்டாலும், இது நான் ஆக்கியது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஆக்கியவனை விட்டுப் போகாதாம். "நோட்டீஸ் அனுப்பட்டுமா மாமா?" என்றான். அம்மன் பாட்டுக்கு அம்மன் ஊரிலேயே வழக்கா? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் அந்தப் பெரியவரே தாம்பாளத்தோடு என் வீட்டுக்கு வந்தார். அடுத்த மாதம் அவருக்குத் திருக்கடையூரில் மணிவிழா. அபிராமி பேரில் பத்துப் பாட்டு வேண்டுமாம், அந்தாதியாக இருந்தால் இன்னும் விசேஷமாம். "முத்திரை கித்திரை எல்லாம் வேண்டாம் வாத்தியாரய்யா" என்று ஞாபகமாகச் சொன்னார்.

ஒப்புக்கொண்டேன். முதல் பாட்டு ராத்திரியே எழுதியாகிவிட்டது. அம்பாளை அதில் 'மாணிக்கமே' என்று விளித்திருக்கிறேன். மற்ற ஒன்பதிலும் அப்படியேதான் விளிக்கப் போகிறேன். அபிராமி அந்தாதியின் முதல் பாட்டிலேயே அவள் மாணிக்கம்தான். அவளைத் தூக்கிவிட்டு அங்கே எந்த இனிஷியலை வைப்பார் என்று பார்க்கலாம்.