ஊரணி வெட்டுறாங்களாம்... தண்ணி எந்த வழியா வரும்?

மறுபடியும் அதே படம். காய்ந்த ஊரணிக்குள் பொக்லைன், அதற்கு மாலை, உடைத்த தேங்காய், வெள்ளை வேட்டி வரிசை, ஆளுக்கொரு மண்வெட்டி. மண்வெட்டியில் மண் ஒட்டவே இல்லை, அது வேறு. கீழே ஒரு வரி: 'தூர்வாரும் பணி தொடக்கம்'. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று ஊர்ப்பேரை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் எத்தனை வருஷத்துக்கு வேண்டுமானாலும் இதே செய்தியை ஓட்டலாம்.

ஐயா, ஊரணி என்பது குழி இல்லை. குழிதான் வேண்டுமென்றால் கைவிட்ட கிராவல் குவாரி ஊரைச் சுற்றி நிறையக் கிடக்கிறது. தண்ணி வந்து சேரும் பாதை, வந்த தண்ணியைப் பிடித்து வைக்கும் அடிமண், மிஞ்சிய தண்ணி வெளியேறும் கலுங்கு, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஊரணி. நீங்கள் மாலை போட்டது இந்த மூன்றில் எதற்கு?

இந்தச் செட்டிநாட்டுச் சீமையில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுவதை வைத்துத்தான் அடுத்த ஆடி வரை ஓட்ட வேண்டும். அது தெரிந்துதான் ஊரை வகுத்தார்கள். ஆயிரம் சதுர அடி கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் விழுவது சுமார் 930 லிட்டர். பத்தாயிரம் சதுர அடி வளவு வீடு என்றால் அந்த ஒரு மழைக்கே ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல். முற்றத்தில் இறங்கும் அந்தத் தண்ணி அண்டா, தொட்டி நிறைந்தபின் தூம்பு வழியாகத் தெரு வாய்க்காலுக்கு, அங்கிருந்து ஊரணிக்கு, ஊரணி பெருகினால் அடுத்த கண்மாய்க்கு. 2014ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறியதிலிருந்து மேடைக்கு மேடை பாரம்பரியம், பாரம்பரியம். ஆத்தங்குடிக் கல்லும் பர்மாத் தேக்கும்தான் பாரம்பரியமா? அந்த ஓட்டுத் தண்ணி போய்ச் சேர்ந்த நல்லதண்ணி ஊரணி யார் வீட்டுச் சொத்து?

சரி, வெட்டுகிறார்களே, அதையாவது ஒழுங்காகச் செய்கிறார்களா? கோளாறு எம்.புக்கில், அதாவது செய்த வேலையின் அளவைப் பதியும் புத்தகத்தில் ஆரம்பிக்கிறது. வேலைக்குப் பணம் எடுப்பது தோண்டிய மண்ணின் கன மீட்டர் கணக்கில். வெட்டுவதற்கு முன் ஒரு மட்டம், வெட்டிய பின் ஒரு மட்டம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காசு. அதனால் பொக்லைன் எங்கே சுலபமாக இறங்குமோ அங்கே, நட்டநடுவில், ஆழமாகத் தோண்டும். ஊரணிக்குத் தண்ணி கொண்டுவரும் அரைக் கிலோமீட்டர் வரத்துக்காலில் கருவேலத்தை வேரோடு எடுத்து, நூறு அடிக்கு ஓரிரு அங்குலம் வாட்டம் பார்த்து மண் வாரினால் கன மீட்டர் எவ்வளவு தேறும்? ஒன்றுமில்லை. தேறாத வேலையை எந்த ஒப்பந்ததாரர் செய்வார்? வேலை ஆரம்பிப்பதே புரட்டாசியில். மதிப்பீடு, டெண்டர், பூஜை எல்லாம் முடிந்து மண்ணைக் கிளறும்போது மழை பிடித்துவிடும். பிறகு மட்டத்தை யார் முங்கிப் பார்ப்பது? பங்குனியிலிருந்து ஆனி வரை ஊரணி காய்ந்து கிடக்கும்போது கோப்பு எந்த மேசையில் தூங்கியது?

ஆழம் என்றால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். பெரிய சேதமே அதில்தான். ஊரணியின் அடியில் தலைமுறை தலைமுறையாகப் படிந்த நைஸ் களி இருக்கும். தண்ணியைத் தாங்குவது அதுதான். அதற்குக் கீழே நம் பக்கத்தில் செம்மண், பரல், செம்புராங்கல். எல்லாம் சல்லடை. பொக்லைன் பல் அந்தக் களியைக் கிழித்த நாளோடு ஊரணி செத்தது. மார்கழியில் நிறைந்த தண்ணி தை பிறக்குமுன் இறங்கிவிடும். 'இவ்வளவு ஆழம் வெட்டியும் நிக்கலையே' என்று ஆச்சரியம் வேறு. வெட்டியதால்தான் நிக்கவில்லை.

வெட்டுமுன் நாலு இடத்தில் மூன்றடிக்குச் சோதனைக்குழி போட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஈர மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். மெல்லிய திரி போல உடையாமல் நீண்டால் களி, உதிர்ந்தால் மணல். குழியில் தண்ணி ஊற்றிவிட்டு மறுநாள் காலையில் வந்து பாருங்கள். இதற்கு இன்ஜினியரிங் பட்டம் தேவையில்லை. ஏற்கெனவே கிழித்தாயிற்று என்றால், கண்மாய்க் களியைக் கொண்டுவந்து அரை அடி அரை அடியாகப் பரப்பி, நனைத்து, ரோலர் விட்டு இறுக்கி, மொத்தம் ஓர் அடியாவது போட வேண்டும். இதை எந்த மதிப்பீட்டிலாவது எழுதியிருக்கிறார்களா?

2017ல் குடிமராமத்து என்று 100 கோடியில் 1,519 வேலைகளோடு தொடங்கினார்கள். 2022ல் அம்ரித் சரோவர் என்று டெல்லியிலிருந்து வந்தது, மாவட்டத்துக்கு 75 நீர்நிலை. குறைந்தது ஒரு ஏக்கர், 10,000 கன மீட்டர் கொள்ளளவு. கணக்குப் போட்டால் ஒரு ஏக்கருக்கு எட்டடி ஆழம் வரும். அதுவும் கரை செங்குத்தாக இருந்தால். ஓர் அடி ஆழத்துக்கு ஒன்றரை அடி சரிவு விடாத கரை முதல் மழையிலேயே சரிந்து உள்ளே விழும். சரிவு விட்டால் கொள்ளளவு குறையும், கொள்ளளவைக் காட்ட நடுவில் இன்னும் தோண்ட வேண்டும், களி கிழியும். ஆட்சி எதுவானாலும் இந்தக் கன மீட்டர் பைத்தியம் மட்டும் மாறவில்லை.

வண்டல் மண் சமாச்சாரம் தனிக்கதை. விவசாயிக்கு இலவசம், நல்ல விஷயம்தான். 2017 விதிப்படி நஞ்சைக்கு ஏக்கருக்கு 25 டிராக்டர், புஞ்சைக்கு 30. டிராக்டருக்கு 3 கன மீட்டர் என்று கணக்கு. ஒரு ஏக்கர் ஊரணியில் ஓர் அடி வண்டல் இருந்தால் மொத்தமே சுமார் 1,230 கன மீட்டர், நானூறு நடையில் முடிந்துவிடும். அதற்கு மேலும் ராத்திரியில் டிப்பர் ஓடினால் போவது வண்டல் இல்லை, கிராவல். வயலுக்கும் போகவில்லை, பிளாட்டுக்குப் போகிறது.

வரத்துக்கால் மேல்தான் அந்தப் பிளாட்டே. புல வரைபடத்தில் வாய்க்கால் புறம்போக்கு என்று தெளிவாக இருக்கும். தரையில் பார்த்தால் காம்பவுண்டு சுவர். ரோடு போடும்போது மூன்றடிக் கல்பாலத்தை எடுத்துவிட்டு ஓரடிக் குழாயைப் புதைப்பார்கள். குறுக்களவு மூன்றில் ஒன்றானால் தண்ணி ஓடும் வாய் ஒன்பதில் ஒன்றாகிவிடும் என்ற கணக்கு பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். அந்தக் குழாயையும் வாய்க்காலின் அடிமட்டத்துக்கு முக்கால் அடி மேலே வைப்பார்கள். பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போடணும் என்று 2021 மே மாதமே தலைமைச் செயலாளர் எழுதினார். சுரண்டுகிறார்களா? ரோடு ஏற ஏற, தெருத் தண்ணி ஊரணிக்குப் போகாமல் திண்ணைப் பக்கம் திரும்புகிறது.

இதற்கெல்லாம் மேலே நடைபாதை! கரையைச் சுற்றிப் பேவர் பிளாக், கம்பி வேலி, எல்.இ.டி. விளக்கு, ஊர்ப்பேர் எழுதிய செல்பி பலகை. மழைத்தண்ணி நுழையும் வாயை அடைத்துக் கான்கிரீட். சாக்கடைக் குழாய்க்கு மட்டும் மறக்காமல் ஒரு ஓட்டை. விளைவு, தண்ணியே இல்லாத ஊரணி, அல்லது ஆகாயத்தாமரை மூடிய ஊரணி. சுற்றிக் காலையில் நடக்கலாம், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

2024ல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் பக்கத்து ஊராட்சிகளும் உள்ளே வந்தன. மகிழ்ச்சி. ஆனால் ஊராட்சியாக இருந்தவரை நூறு நாள் வேலையில் வரத்துக்கால் செதுக்க ஆளாவது கிடைத்தது. நகர எல்லைக்குள் வந்ததும் அந்த வேலை கிடையாது, கிராமசபையும் கிடையாது. மார்ச் 22 தண்ணீர் நாள் சபையில் எழுந்து ஒரு கேள்வி கேட்கும் உரிமையும் போயிற்று. வெளியே மிச்சமிருக்கும் ஊராட்சிகளிலோ 2025 ஜனவரியோடு தலைவர்களின் காலம் முடிந்து தனி அலுவலர் வந்தார். யாரைப் பார்த்துக் கத்துவது?

காகிதத்தில் கத்தலாம். 'அ' பதிவேடு என்கிற வருவாய்த்துறை நிலப் பதிவேட்டில் ஊரணியின் சர்வே எண்ணையும் பரப்பையும் எடுங்கள், புல வரைபடத்தில் வாய்க்காலைப் பாருங்கள். பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மதிப்பீட்டின் நகல், எம்.புக் நகல், வெட்டுமுன் எடுத்த மட்டம், வெட்டியபின் எடுத்த மட்டம், சீர்செய்த வரத்துக்காலின் நீளம் எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கடைசிக் கேள்விக்கு மட்டும் 'இல்லை' என்று வரும் பாருங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அடுத்த பூஜைக்குப் போய், மண்வெட்டி பிடித்து நிற்பவரிடம் தண்ணி எந்தப் பக்கமிருந்து வரும் என்று கை காட்டச் சொல்லுங்கள். போட்டோ எடுக்கிறவர் அந்தப் பக்கமும் ஒரு படம் எடுக்கட்டும்.