ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாதவர் இல்லை அயித்தை

என் அயித்தைக்கு 58 வயது. அத்தை என்று எழுதினால் யாரைச் சொல்கிறேன் என்று அவருக்கே தெரியாது, அதனால் அயித்தை என்றே இருக்கட்டும். காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டு இரண்டாங்கட்டில் முப்பது வருடத்துக்கு மேல் பலகாரம் சுட்டவர். மனகோலம், சீப்புச் சீடை, தேன்குழல், அதிரசம் என்று கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் எண்ணி அடுக்கிக் கொடுக்கிற வீடு அது. பெரிய ஆச்சி காலமான பிறகு, பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் தங்கிவிட, வீட்டைப் பூட்டிச் சாவியைக் காவல்காரரிடம் கொடுத்தாயிற்று. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. அயித்தைக்கு வேலை போயிற்று.

நாலு மாதம் வீட்டோடு இருந்தார். விடிகாலை நாலரைக்கு எழுந்தே பழகிய உடம்பு, எழுந்து எங்கே போவது? வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் வெயில் ஏறும் வரை அங்கேயேதான். வாய் ஓயாமல் பேசுகிறவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். மாதம் ஆயிரம் உரிமைத்தொகை வருகிறது, ரேஷன் அரிசி இருக்கிறது, பட்டினி என்று சொல்ல முடியாது. ஆனால் ஆள் சுருங்கிக்கொண்டே போனார்.

அப்போதுதான் ஒரு பயிற்சி நிலையத்தில் (பெயர் வேண்டாம்) முப்பது நாள் இலவசத் தையல் பயிற்சி என்று கேள்விப்பட்டு நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன். அதில் நான் பார்த்ததைத்தான் எழுத வந்தேன், நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளே வருகைப்பதிவில் இடி. விரல் வைக்கிற மெஷின் அவர் ரேகையை எடுக்கவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், இடது கை, வலது கை, துடைத்துவிட்டு, எச்சில் தொட்டு, எல்லாம் பார்த்தாயிற்று. சாம்பல் போட்டு வெண்கலப் பானை துலக்கி, கொதிக்கிற பாகைத் தொட்டுத் தொட்டுப் பதம் பார்த்த விரலில் ரேகை எங்கே மிச்சம் இருக்கும்? ரேஷன் கடையிலும் இதே கூத்துதான். ஏழு நாள் வகுப்பில் உட்கார்ந்திருந்தும் கணக்கில் அவர் வரவே இல்லை. உழைத்து உழைத்துத் தேய்ந்த கை, உழைக்க வந்ததற்குச் சாட்சி சொல்ல மாட்டேன் என்கிறது.

அடுத்தது ஊசி. சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணுக்கு இருபத்துநாலு வயது இருக்கும், நல்ல பொறுமைசாலி. ஆனால் அயித்தையால் நூல் கோர்க்க முடியவில்லை என்றதும் 'பாட்டிக்கு வராது' என்ற முடிவுக்கு வந்துவிட்டது. வராமல் என்ன? வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருகிறதுதான். சேர்க்கும்போது ஆதார் கேட்டார்கள், பாஸ்புக் கேட்டார்கள், மூன்று போட்டோ கேட்டார்கள், கண் தெரிகிறதா என்று ஒருத்தர் கேட்கவில்லை. அஸ்ஸாமில் நாற்பது வயதைத் தாண்டிய தேயிலை பறிக்கும் ஆட்களுக்குக் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கிற வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. கண்ணாடி போட்டவர்கள் பறித்த கொழுந்து முன்னைவிட ஏறக்குறைய 39 விழுக்காடு கூடியது, போடாதவர்களுக்குக் கூடியது 18 விழுக்காடுதான். ஒரு நாள் பயிற்சிகூடக் கொடுக்கவில்லை, மூக்கில் ஒரு கண்ணாடி மட்டும். கண்ணுக்கு நம்மைப் போலப் பேர் வாங்கிய ஊர்ப்பக்கம் எது? இதோ மதுரையில்தான் 1976இல் டாக்டர் வெங்கடசாமி, அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற கையோடு, பதினோரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். அதே 58. அவர் டாக்டர், என் அயித்தை பலகாரம் சுடுகிறவர், சரி, ஒப்பிடவில்லை. அந்த வயதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

நான் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்த மறுநாளே நூல் கோர்த்துவிட்டார்.

அப்புறம் கூலி. பயிற்சி இலவசம் என்கிறார்கள், ஆனால் அன்றாடம் காய்ச்சிகளுக்கு முப்பது நாள் சும்மா உட்காருவதற்கு யார் காசு கொடுப்பார்கள்? பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் வந்து போக முடிந்தது, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. கூடப் படித்த இரண்டு பேர் நூறு நாள் வேலை வந்ததும் பாதியில் நின்றுவிட்டார்கள். நின்றதற்கு 'இந்த வயசுல ஆர்வம் இருக்காது மேடம்' என்று அலுவலகத்தில் ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னார். ஆர்வத்துக்கு என்ன குறைச்சல், வீட்டில் உலை வைக்க வேண்டாமா?

கடைசி நாள் சான்றிதழ் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். ஆளெடுக்க வந்த தையல் கம்பெனிக்காரர் முப்பத்தைந்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆக வேலை கிடைத்ததா என்றால் இல்லை.

இதோடு விட்டால் பதிவு 'எல்லாம் வேஸ்ட்' என்று முடிந்திருக்கும். ஆனால் அந்த முப்பது நாளில் அயித்தை தேறிவிட்டார், அதுதான் என்னைக் குழப்பியது. காலையில் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். ராத்திரி தூங்கினார். கோட்டையூரிலிருந்து வருகிற ஒருத்தி, புதுவயல் அரிசி ஆலையில் இருந்து நின்றுவிட்ட ஒருத்தி என்று நாலு சிநேகிதிகள், சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துவைத்துப் பகிர்ந்து சாப்பிடுகிறார்கள், ஒருத்தி வராவிட்டால் இன்னொருத்தி போன் போடுகிறாள்.

1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் மரியென்தால் என்ற சின்ன ஊரில் நெசவாலையை மூடிவிட்டார்கள். ஊரே வேலை இல்லாமல் இருக்க, மரீ யஹோடா என்ற பெண்மணியும் அவர் கூட்டாளிகளும் அங்கே போய்ப் பார்த்தார்கள். தெருவில் நின்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஆண்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்றுகூட அளந்தார்கள். வேலை போனவர்கள் மெதுவாக நடந்தார்கள், வழியில் நின்று நின்று போனார்கள். கையில் நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோனது. வேலை கூலியோடு சேர்த்து இன்னும் சிலதையும் தருகிறது என்று பின்னாளில் யஹோடா எழுதினார்: பொழுதுக்கு ஒரு ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிற நினைப்பு, ஊரில் ஒரு மதிப்பு, கைக்கு ஒரு காரியம். இதைப் படித்தபோது எனக்கு ஆஸ்திரியா தெரியவில்லை, எங்கள் திண்ணைதான் தெரிந்தது.

அதனால் என் கட்சி இதுதான். வயதான ஏழைத் தொழிலாளிக்குப் பயிற்சி என்றால் சின்னப் பிள்ளைகளுக்குத் தைத்த சட்டையை இவர்களுக்கும் மாட்டிவிடக் கூடாது. மத்திய அரசின் கௌசல் விகாஸ் (திறன் வளர்ப்பு) திட்டத்தில் புதிதாகத் தொழில் கற்க 45 வயது வரைதான், ஏற்கெனவே தெரிந்த தொழிலுக்குச் சான்றிதழ் வாங்குவதென்றால் 59 வரை. அறுபதில் கை மறந்துவிடுமா என்ன? தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் இதைத் தலைகீழாக்கி, 35 வயது ஆனவர்களுக்குத்தான் என்று வைத்திருக்கிறது. 25 தொழில்கள், மூன்று லட்சம் வரை கடன், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் ஐம்பதாயிரம், மானியம். நல்லதுதான், ஆனால் கடன் வாங்கிக் கடை போடுகிற தெம்பு உள்ளவர்களுக்கு. அயித்தைக்குக் கடன் என்றாலே காய்ச்சல் வரும்.

அமெரிக்காவில் முதியோருக்கென்று 1965இல் வந்த சட்டத்தின் கீழ் ஒரு திட்டம் நடக்கிறது. 55 வயது ஆகியிருக்க வேண்டும், வருமானம் வறுமைக்கோட்டைப் போல ஒன்றேகால் மடங்குக்குள் இருக்க வேண்டும். நூலகம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் வாரத்துக்குச் சுமார் இருபது மணி நேரம் உட்கார்த்தி, குறைந்தபட்சக் கூலியும் கொடுத்து, வேலையிலேயே வேலையைப் பழக்குகிறார்கள். அங்கேயும் அதற்குக் காசை வெட்டு என்று அவ்வப்போது கிளம்புகிறார்கள், சொர்க்கம் ஒன்றும் இல்லை. ஆனாலும் பழகுகிற நாளுக்குக் கூலி, பாதி நாள் வேலை, நாலு பேர் புழங்குகிற இடம், இந்த மூன்றையும் யோசித்து வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் இதற்கு இடமா இல்லை? காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் எத்தனை பழைய வீடுகள் ஓட்டலாகிவிட்டன. வெளியூர் விருந்தாளிகளுக்குச் செட்டிநாட்டுச் சமையல் சொல்லிக்கொடுக்கிறோம் என்று பலகை வைக்கிறார்கள். அப்படி ஒரு இடத்தில் நான் பார்த்தேன், கேட்டரிங் படித்த ஒரு தம்பி வெள்ளைத் தொப்பியோடு முன்னால் நின்று வெள்ளைப் பணியாரத்தைப் பற்றிப் பேசுகிறார், பின்னால் ஒரு அம்மா தலை நிமிராமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார். பணியார மாவை ஆட்டிவைத்தது யார் என்று விசாரித்தால் அந்த அம்மாதான்! ஆத்தங்குடியில் பூக்கல் (பூப்போட்ட தரைக்கல்) செய்கிற தாத்தா ஒருவரைத் தெரியும். கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலர் சிமெண்டு ஊற்றுகிற நிதானம் இன்னும் அப்படியே இருக்கிறது, குனிந்து கல்லைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் இறக்கத்தான் இடுப்பு ஒத்துழைக்கவில்லை. அவரை ஒரு ஸ்டூலில் உட்கார்த்தி நாலு பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்துக் கூலி கொடுத்தால் அதுவும் பயிற்சித் திட்டம்தானே? அவருக்குப் புதிதாகப் பழக வேண்டியது சொல்லிக்கொடுக்கிற வித்தை மட்டும்தான், அதற்கு ஒரு வாரம் வகுப்பு வையுங்கள், நானே கொண்டுவந்து விடுகிறேன்.

அயித்தை இப்போது என்ன செய்கிறார் என்று கேட்பீர்கள். தையல் வகுப்புச் சிநேகிதிகள் வழியாகத் தேன்குழலுக்கும் அதிரசத்துக்கும் ஆர்டர் வருகிறது, தீபாவளிக்கு நாலு பேரும் சேர்ந்து எங்கள் கொல்லையில் அடுப்பு மூட்டினார்கள். பெரிய வரும்படி இல்லை. தைத்தது ஒரே ஒரு ஜாக்கெட், என்னுடையது, ஒரு கை ஒரு விரற்கடை குட்டை, அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறேன்.

போடுவதற்கு முன் இந்தப் பதிவை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுக்கொண்டு கடைசி வரை கேட்டார். "எழுதுனதெல்லாம் சரித்தா. அந்தக் கிளாஸ்ல மிதிமெஷின் மிதிச்சு என் முட்டி என்ன பாடுபட்டுச்சு, அதை ஏன் எழுதல? மோட்டார் வச்ச மெஷின் ரெண்டு பூட்டியே கிடந்துச்சே, அதையும் சேத்துப் போடு."