எங்களைக் கேட்காமல் வாங்கிய டிராலி

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் வார்டுக்குப் புது மருந்து டிராலி ஒன்று வந்தது. பளபளவென்று நான்கு இழுப்பறைகள், பூட்டு, சாவி. மருத்துவமனையின் பெயர் வேண்டாம், எங்கும் நடக்கிற கதைதான். வார்டு வாசலில் அரை அங்குல மேடு உண்டு. சக்கரம் அதில் இடித்து நின்றுவிடும். தூக்கித் தாண்ட வைத்தால் ஊசி மருந்துக் குப்பிகள் கடகடவென உருளும். அறுவைச் சிகிச்சை வலியில் புரண்டு புரண்டு, இரவு இரண்டு மணிக்குத்தான் கண்ணயர்ந்தவர் திடுக்கிட்டு விழிப்பார். ஒரே வாரத்தில் அதை ஓரங்கட்டிவிட்டுப் பழையபடி கிட்னி டிரேயை ஏந்திக்கொண்டோம். அடுத்த மாதமே, டிராலியை ஏன் பயன்படுத்தவில்லை என்று விளக்கம் கேட்டு மெமோ வந்தது! வாங்குவதற்கு முன் ஒரு சிஸ்டரைக் கூப்பிட்டுத் தள்ளிப் பார்க்கச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

செவிலியருக்கும் முடிவெடுப்பதில் பங்கு வேண்டும் என்றால் உடனே சங்கம், கொடி என்று மிரள்கிறார்கள். அமெரிக்காவில் செவிலியர் பற்றாக்குறை வாட்டிய நாட்களில், ஆட்கள் விட்டுப்போகாத மருத்துவமனைகள் எவை, ஏன் என்று ஆராய்ந்தார்கள். 1983இல் வெளியான அந்த ஆய்வு 41 மருத்துவமனைகளை அடையாளம் கண்டது. காந்தம்போல் ஆட்களை ஈர்த்ததால் அவற்றுக்கு ‘மேக்னட்’ என்று பெயர். அங்கெல்லாம் செவிலியரின் சொல்லுக்கு மதிப்பிருந்தது. பிறகு அது அங்கீகாரத் திட்டமாகி, 1994இல் சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவ மையம் முதலில் அதைப் பெற்றது.

செவிலியரின் கருத்தைக் கேட்க எங்களிடமும் ஒரு குழு இருக்கிறது. கூட்டம் மதியம் மூன்று மணிக்கு. நைட் டியூட்டி பார்த்தவள் தூங்கிக்கொண்டிருப்பாள், காலை டியூட்டி முடித்தவள் பஸ்ஸில் இருப்பாள், மதிய டியூட்டிக்காரி வார்டை யாரிடம் விட்டுவிட்டு வருவாள்? முடிவான தாள் மட்டும் கையெழுத்துக்கு வார்டு தேடி வரும்.

எல்லாவற்றையும் ஓட்டுக்கு விடச் சொல்லவில்லை. நோயாளிக்கு இதயம் நின்றுவிட்டால் ஒருவர் சொல்ல மற்றவர்கள் செய்ய வேண்டும், அங்கே விவாதம் கூடாது. ஆனால் டியூட்டி பட்டியல், வார்டுக்கு வாங்கும் பொருட்கள், நாங்கள் நிரப்ப வேண்டிய படிவங்கள்? மாதத்தில் எத்தனை நைட் பார்க்கிறோம் என்பது எங்கள் உடம்புக்கல்லவா தெரியும்?

கூட்ட நேரத்தை டியூட்டியாகக் கணக்கிடுங்கள். வேண்டாம் என்று குழு சொன்ன பொருளை வாங்காதீர்கள். இந்த இரண்டும் முடியாதென்றால் என்னைக் குழுவில் சேர்க்காதீர்கள், அந்த ஒரு மணி நேரம் தூங்கிக்கொள்கிறேன்.